500 ப்ராப்ளம் போட்டால் வேலை உறுதியா?

கல்லூரி முடித்துவரும் மென்பொருள் பொறியாளரின் நேர்முகத் தேர்வைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளில் மிகவும் பிடிவாதமானது ஒன்று உண்டு: லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் 500 ப்ராப்ளம் போட்டு விடைகளை மண்டையில் ஏற்றிக்கொண்டால் வேலை உறுதி. விடுதியில் சீனியர் சொன்னதைப் பயிற்சி மையம் விளம்பரமாக்கியது; இப்போது பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். அந்தத் தளத்தில் 3000-க்கும் மேற்பட்ட கணக்குகள் இருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

தேர்வாளருக்கு விடை முன்பே தெரியும். அவர் பார்ப்பது விடைக்குப் போகும் வழியை. ஒரு வரிசையிலுள்ள எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்பது புதியவர்களிடம் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால், 1 லட்சம் எண்களுக்கு ஏறக்குறைய 500 கோடி கூட்டல்கள் ஆகும். கடந்துவந்த எண்களை ஹேஷ் டேபிளில் போட்டுக்கொண்டே போனால், வரிசையை ஒரே முறை கடந்தால் போதும். இதுவரை மனப்பாடம் கைகொடுக்கும். உடனே நிபந்தனை மாறும்: எண்கள் ஏறுவரிசையில் உள்ளன, கூடுதல் நினைவகம் கிடையாது. இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி நகரலாம் என்பது யோசித்துப் பழகியவருக்குச் சற்று நேரத்தில் பிடிபடும். ஒப்பித்தவரோ அதே ஹேஷ் டேபிளை மறுபடி எழுதிக் காட்டுவார்.

போதாக்குறைக்கு, விடையோடு அதிலுள்ள பிழையும் மனப்பாடமாகிவிடுகிறது. 10 லட்சம் பதிவுகளில் வேண்டியதை 20 படிகளில் கண்டுபிடிக்கும் பைனரி சர்ச்சை எடுத்துக்கொள்ளலாம். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு இடம் கிடைக்கும்: ஜான் பென்ட்லியின் 'ப்ரோகிராமிங் பேர்ல்ஸ்' புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, ஜோஷுவா பிளாக் ஜாவா லைப்ரரிக்கு எழுதிய நிரலிலும் அப்படியே. வரிசை மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2147483647-ஐத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் லைப்ரரிக்குள் கிடந்த இந்தப் பிழையை 2006-இல் பிளாக்கே எழுதி வெளிப்படுத்தினார். இடைவெளியில் பாதியைக் கீழ் எல்லையோடு கூட்டினால் சிக்கல் தீர்ந்தது. ஏன் அப்படி எழுத வேண்டும் என்று கேட்டால் ஒப்பித்தவரிடம் பதில் இராது.

மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு நேரத்துக்குத் தகுதியானவை அல்ல. சந்தேகம் கேட்டால் மதிப்பெண் குறையும் என்பது பொய். கேட்கட்டும் என்றே பல கேள்விகள் அரைகுறையாகத் தரப்படுகின்றன. ஜாவா தெரியாதவருக்கு வேலையில்லை என்பதும் பொய். பெரும்பாலான கோடிங் சுற்றுகளில் மொழி தேர்வு எழுதுபவரின் விருப்பம். பெரிய நிறுவனம் என்றால் புதிர் போடுவார்கள் என்பது பழங்கதை: விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்ற வகைக் கேள்விகளால் ஒரு பயனும் இல்லையென்று, கூகுளின் ஆள்சேர்ப்புக்குப் பொறுப்பாயிருந்த லாஸ்லோ பாக் 2013-இலேயே சொல்லிவிட்டார்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் மட்டும் தனியாகக் கண்டிக்கத்தக்கது. புதியவரின் ரெஸ்யூமேயில் தோண்டுவதற்கு வேறென்ன இருக்கிறது? ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது, "இந்த டேட்டாபேஸ் எதற்கு?" என்ற முதல் கேள்வியிலேயே அம்பலமாகும். இதில் மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் பைண்டிங் செய்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் துறைகளுக்கும் பங்குண்டு. காலி வரிசை, ஒரே உறுப்பு, தவறான உள்ளீடு ஆகியவற்றைச் சோதிக்கும் நிரல்களும், மாதக்கணக்கில் சேர்ந்த கிட் பதிவுகளும் இல்லாத ப்ராஜெக்ட்டை வைவாவில் ஏற்பதில்லை என்று கல்லூரிகள் முடிவெடுத்தால், நேர்முகத் தேர்வுக்கான பாதித் தயாரிப்பு அந்த ஆண்டே முடிந்துவிடும்.