மின்சாரமும் செய்தியும் ஒரே கேபிளில்

பொட்டிபுரம் என்றால் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைப் பற்றிப் பேசுவதே இப்போது வழக்கம். நான் சொல்லவந்தது அதற்காக மலையைக் குடைவதைப் பற்றியன்று, அம்மலையின் அடிவாரத்தில் சில குடும்பத்தார் கூட்டாக நடத்தும் ஒரு பட்டறைக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்த அனுபவத்தைப் பற்றி. ஏலக்காய் சலிக்கும் இயந்திரம் ஒருபுறமும் வெல்டிங் வேலை மறுபுறமுமாக இருக்கும் கொட்டகையில், ஒவ்வொரு கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் உத்தரத்தருகே ஒரு பிளக் வைப்பதைவிட, செய்தி செல்லும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பிவிடுவது சிலாக்கியமெனத் தீர்மானித்தோம்.

யுக்தி பழையதுதான். தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து, பேச்சு செல்லும் அதே ஜோடிக் கம்பியில் மின்சாரமும் சென்றமையாலேயே, ஊர் முழுவதும் இருண்டு கிடந்த வேளையிலும் வீட்டுத் தொலைபேசி பேசிற்று. நெட்வொர்க் கேபிளுக்கு 2003-ல் வகுக்கப்பட்ட நியமம், ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் 15.4 வாட் வரை கொடுக்கலாமென்றும், 100 மீட்டர் கடந்தபின் சாதனத்துக்கு 12.95 வாட் நிச்சயமென்றும் கூறுகிறது; இடையில் குறைவது கம்பியின் தடையால் வெப்பமாகக் கழிவது. பிந்திய நியமங்கள் 2009-ல் 30 வாட், 2018-ல் 90 வாட் என அளவை உயர்த்தின.

ஆதலால் கம்பியில் சிக்கனம் ஆகாது. மலிவான சுருள்களில் பல, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. அவற்றின் தடை, செம்பினுடையதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. “கேமராவுக்கு எல்லாரும் இதத்தாண்ணே வாங்குறாங்க” என்பார் கடைக்காரர். அவர் எதிரிலேயே ஒரு முனையைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாய் மின்னினால் சுருளை அங்கேயே வைத்துவிடலாம். அக்கம்பியில் நெடுந்தூரம் இழுத்த கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். இரவில் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்தேவை ஏறும்போதுதான் அணைந்தணைந்து எழும். குற்றத்தைக் கேமராவின்மேல் சுமத்திவிட்டு வேறொன்று வாங்குவோரும் உண்டு!

ஏலக்காய் உலர்த்தும் அறையின் உஷ்ணம் 45 முதல் 55 டிகிரி வரை இருப்பதால், அதன் சுவரை ஒட்டிக் கேபிள் போகலாகாது. செம்பின் தடை டிகிரிக்கு நூற்றில் 0.4 பங்கு ஏறும், செய்தியும் தூரம் செல்லாமல் நலியும். வெல்டிங், மோட்டார் கம்பிகளுடன் இணையாகக் கட்டுவதும் வேண்டாம். நியமப்படி அமைந்த ஸ்விட்ச், மறுமுனையில் 25 கிலோ ஓம் தடை உண்டா என்று சோதித்த பின்னரே மின்சாரம் விடும். கேளாமலே 24 வோல்ட்டைச் செலுத்தும் மலிவான இன்ஜெக்டர்களை, பலர் கைபடும் பட்டறையில் நான் அனுமதிப்பதில்லை. மேலும், போர்ட் எட்டு இருப்பதாலேயே எட்டுக்கும் முழு மின்சாரம் கிடைத்துவிடாது. ஸ்விட்சின் மொத்த வாட் எவ்வளவென்று பெட்டியில் பார்த்தே வாங்கவேண்டும்.

ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செம்புக் கேபிளை வெளியில் இழுப்பதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் மலைச்சரிவில் விழும் இடி அருகிலெங்கோ விழுந்தாலும், அக்கம்பியில் எழும் மின்னழுத்தம் இருமுனைச் சாதனங்களையும் கருக்கிவிடும். கண்ணாடி இழைக்கு அந்த ஆபத்தில்லை. அது மின்சாரம் கொண்டுபோகாதாகையால், அந்தப் பக்கத்துக் கொட்டகையில் தனியே ஒரு சிறிய ஸ்விட்சும் யு.பி.எஸ்-ஸும் வைக்க நேர்ந்தது. பங்குதாரர்கள் செலவைக் கேட்டு முகம் சுளித்தார்கள், நான் விட்டுக்கொடுக்கவில்லை.