உழைப்பு ஒன்றே, உயர்வு ஏன் வேறு?

“உழைப்பவன் உயர்வான், சேமிப்பவன் செழிப்பான்” என்று நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கூறுகிறோம். இதில் உண்மை இல்லாமலில்லை. சிக்கனமும் நாணயமும் இன்றிக் கூட்டுறவு நிலைக்காது. ஆனால் இதே வாக்கைத் திருப்பிப் போட்டு, “உயராதவன் உழைக்காதவன், செழிக்காதவன் சேமிக்காதவன்” என்று முடிவு கட்டுவோரும் உண்டு. கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் வேளையில் இம்முடிவு வாய்விட்டுச் சொல்லப்படாமலே வேலை செய்கிறது. “அந்தத் தெருக்காரர்கள் திருப்பிக் கட்டமாட்டார்கள்”, “அவர்கள் வளர்ந்த விதம் அப்படி” என்னும் சொற்கள் எந்தச் சங்கத்திலும் எழக்கூடியவை.

ஒருவருடைய பொருள் நிலையைப் பிறந்த குடியும் இனமும் வளர்ப்பும் எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன? இவ்வினாவுக்கு விடை காண இம்மாதப் பாடத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். எவரும் முயன்றால் உயரலாம் என்று பெருமை பேசிய நாடு அது. அங்கே நடந்தவற்றுக்குக் கணக்கும் பதிவும் உள்ளன. அன்றியும், அவ்வரலாறு பெரும்பாலும் பருத்தி விளைவித்தவர்களின் வரலாறு. ஆதலின் நெசவாளரும் விவசாயியுமாகிய நமக்கு அது அயலானதன்று.

முதலின்றித் தொடங்கியவர்கள்

1865ஆம் ஆண்டில் அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்தது. ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பின மக்கள் விடுதலை பெற்றனர். உழவும் கொல்லும் தச்சும் அறிந்த கைகள் அவர்களுடையவை. நிலமோ, ஏரோ, ரொக்கமோ அவர்களிடம் இல்லை. அவ்வாண்டு ஜனவரியில் படைத்தலைவர் ஷெர்மன், தென்கிழக்குக் கடற்கரையில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் பிரித்துத்தர ஆணையிட்டார். அந்த ஆண்டு முடியுமுன்பே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதனை மாற்றி, நிலத்தைப் பழைய உடைமையாளரிடமே சேர்ப்பித்தார்.

இதே காலத்தில் நடந்த வேறொன்றையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கப்பட்டது. இவ்வகையில் மொத்தம் 27 கோடி ஏக்கர் தனியார் கைக்கு வந்தது. அதில் மிகப் பெரும்பகுதி வெள்ளைக் குடும்பங்களுக்கே சென்றது. ஒரு குடும்பத்தின் பாட்டனுக்கு நிலம் கிடைத்தது. மற்றொரு குடும்பத்தின் பாட்டனுக்குக் கொடுத்த நிலம் பிடுங்கப்பட்டது. இருவருடைய பேரப்பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கினர் என்று எவர் கூறமுடியும்?

நிலமற்றோர் வாரத்துக்குப் பயிரிட்டனர். விதையும் உணவும் கடைக்காரரிடம் கடன். அக்கடனுக்கு இனி விளையப்போகும் பருத்தியே ஈடு. ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. கணக்குப் புத்தகம் கடைக்காரர் கையில். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். அடுத்த ஆண்டும் அவரிடமே போகவேண்டும். நெசவு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்ட தறிக்காரரின் நிலையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இக்கண்ணியில் வெள்ளை ஏழைகளும் சிக்கினர் என்பதை மறத்தலாகாது. 1930இல் தென் மாநிலங்களின் குத்தகை விவசாயிகளுள் வெள்ளையரின் எண்ணிக்கையே மிகுதி. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நில அடமான வங்கிகள், விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வழியாக நீண்டகாலக் கடன் அளித்தன. ஆயினும் அடமானம் வைக்க நிலம் உள்ளவருக்கே அக்கதவு திறந்தது. வர்க்கம் முதற்பூட்டு, இனம் அதன்மேல் இட்ட இரண்டாம் பூட்டு.

சேமித்தார்கள், இழந்தார்கள்

“கறுப்பர் சேமிக்கவில்லை” என்னும் பழிச்சொல்லை வரலாறு பொய்யாக்குகிறது. விடுதலை பெற்றோருக்கென 1865 மார்ச்சில் ஒரு சேமிப்பு வங்கி தோற்றுவிக்கப்பட்டது. கூலியாட்களும் சலவைத் தொழிலாளிகளும் சிறுசிறு தொகையாகப் பணம் செலுத்தினர். தொடக்கத்தில் அப்பணத்தை அரசாங்கக் கடன் பத்திரங்களில் இடுவதே விதி. 1870இல் சட்டம் திருத்தப்பட்டு, நிலம், கட்டடங்களின் பேரில் கடன் கொடுக்க இடம் ஏற்பட்டது. நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் தமக்கு வேண்டியவர்களுக்குத் தகுந்த ஈடின்றிக் கடன் வழங்கினர். 1873இன் நிதி நெருக்கடி வந்ததும் வங்கி ஆட்டங்கண்டது. பெருந்தலைவர் பிரெடரிக் டக்ளஸை 1874இல் தலைவராக்கியும் பயனில்லை. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் வங்கி மூடப்பட்டது. அப்போது சுமார் 61,000 பேருடைய ஏறக்குறைய 30 லட்சம் டாலர் அதில் இருந்தது. பின்னர்ப் பகுதித் தொகை சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

சேமிப்பவரின் நற்குணம் மட்டும் போதாது; சேமிப்பைக் காக்கும் நிர்வாகமும் வேண்டும். கணக்குத் தணிக்கை எதற்கு என்று முணுமுணுக்கும் அங்கத்தினர்கள் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வார்களாக.

கடன் என்னும் கதவு

1930களில் வீட்டுக் கடன் முறையை அமெரிக்க அரசாங்கம் சீர்திருத்தியது. குறைந்த வட்டி, நீண்ட தவணை, அரசாங்க உத்தரவாதம் ஆகியவற்றால் சாதாரணக் குடும்பமும் வீட்டுக்கு உரிமை பெற முடிந்தது. ஆனால் கடன் கொடுக்கத் தக்க இடம் எது, தகாத இடம் எது என்று காட்ட இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்குப் படங்கள் வரையப்பட்டன. கறுப்பர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய யாவும் சிவப்பு மையால் தீட்டப்பட்டன. மனுதாரரின் நாணயத்தைப் பாராமல் தெருவைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் முறை இவ்வாறு வேரூன்றிற்று. வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது.

1944இல் போர்வீரர்களுக்கென ஒரு சலுகைச் சட்டம் பிறந்தது. எழுத்தில் அதில் இன வேறுபாடு இல்லை. எனினும் 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அச்சட்டத்தின் உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட 3,229 வீடு, பண்ணை, தொழில் கடன்களுள் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே. ஒரே போரில் நின்றவர்கள். ஒரே சட்டத்துக்கு உரியவர்கள். கடன் கொடுக்கும் உள்ளூர் வங்கியின் மனம் மட்டும் வேறாக இருந்தது.

விவசாயிகளின் அனுபவமே நமக்கு மிக நெருங்கிய பாடம். அங்கே அரசாங்கப் பயிர்க் கடன்களை, உள்ளூர் விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டாரக் கமிட்டிகள் தீர்மானித்து வந்தன. கேட்பதற்கு நம் நிர்வாகக் குழுவைப் போன்றதே. ஆனால் அக்கமிட்டிகளில் நாடு முழுவதும் இருந்த 8,147 உறுப்பினருள் கறுப்பர் 37 பேரே என்று 1999இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் கறுப்பின விவசாயியின் மனு முடிவு பெற, வெள்ளையரின் மனுவைப்போல் மும்மடங்கு காலம் பிடித்தது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

தாமதம் என்றால் என்ன என்பதை விவசாயி அறிவார். விதைப்புக்கு முன் வரவேண்டிய பணம் விதைப்புக்குப் பின் வருகிறது. பின்பட்டத்தில் விதைத்த பயிர் குறைவாக விளைகிறது. குறைந்த விளைவால் தவணை தவறுகிறது. தவணை தவறியதும் பேரேட்டில் ‘நாணயமற்றவர்’ என்று குறிப்பு ஏறுகிறது. அடுத்த ஆண்டு அக்குறிப்பையே காரணமாகக் காட்டி மனு தள்ளப்படுகிறது; இறுதியில் நிலம் ஏலத்துக்கு வருகிறது. தாமதம் செய்தவர் பெயர் பேரேட்டில் எங்கும் இல்லை.

1920இல் அந்நாட்டில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தனர். 1997இல் 19,000 பேர்கூட இல்லை. இக்காலத்தில் மொத்தப் பண்ணைகளும் 64 லட்சத்திலிருந்து 19 லட்சமாகக் குறைந்தன என்பது உண்மையே. இயந்திரமும் நகர வாழ்வும் எல்லாரையும் இழுத்தன. ஆனால் மொத்தத்தில் நூற்றுக்கு எழுபது குறைந்தபோது கறுப்பருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மறைந்தது தற்செயலன்று. 1999இன் வழக்குத் தீர்வின்படி 15,000க்கு மேற்பட்டோருக்கு 100 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. பணம் வந்தது, போன நிலம் பெரும்பாலோருக்கு வரவில்லை.

இவை யாவும் கூடிய விளைவைப் பார்ப்போம். எல்லாக் குடும்பங்களையும் சொத்தின் வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து சுமார் 45,000 டாலர். ஒன்றுக்கு ஆறு.

வளர்ப்பும் நம்பிக்கையும்

“அவரவர் வளர்ப்பே காரணம்” என்பாருக்கும் விடை கூறவேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷேல் என்னும் உளநூலறிஞர் சிறு குழந்தைகளைச் சோதித்தார். ஒரு மிட்டாய் முன்னே வைக்கப்படும். உண்ணாமல் பொறுத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும். பொறுத்த குழந்தைகள் பின்னாளில் படிப்பிலும் சிறந்தனர் என்று கண்டபோது, பொறுமையே செல்வத்தின் வித்து என்று பலர் முடிவு செய்தனர். ஆனால் 2018இல், பல நிலைக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து வேறு அறிஞர் ஆராய்ந்தபோது, அத்தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பத்தின் நிலையையும் இளமைச் சூழலையும் கணக்கிற் சேர்த்தபோது பெரும்பாலும் மறைந்தே போயிற்று.

2013இல் வெளிவந்த மற்றொரு சோதனை இன்னும் தெளிவானது. முதலில் ஒரு பெரியவர் குழந்தையிடம் நல்ல வண்ணக் கோல்கள் கொண்டுவருவதாகச் சொல்வார். சில குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். சிலருக்கு வெறுங்கையோடு வந்தார். பிறகு மிட்டாய் வைத்தபோது, சொல் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரி 12 நிமிடம் பொறுத்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடமே பொறுத்தனர். ஆக, பொறுமை என்பது முன்னர்க் கண்ட நாணயத்தின் விளைவாகவும் அமைகிறது. 1874இல் வங்கி மூடிய கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, கையிலுள்ளதை வங்கியில் இடத் தயங்கினால் அதனை ஊதாரித்தனம் என்பதா, அறிவு என்பதா?

கூட்டுறவு காட்டிய வழி

அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் வட்டாரத்தில் கறுப்பினப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை ஒட்டி அழகிய போர்வைகள் தைத்துவந்தனர். 1966இல் அவர்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவை அமைத்து, நியூயார்க் நகரில் நல்ல விலைக்கு விற்றனர். கிடைத்த ஊதியத்தில் 23 ஏக்கர் நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டினர். வாக்காளராகப் பதிந்த குற்றத்துக்காக நிலக்கிழார்களால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை பிரித்து விற்றனர். 1967இல் இத்தகைய 22 கூட்டுறவுகள் கூடித் தென் மாநிலக் கூட்டுறவுச் சம்மேளனத்தைத் தோற்றுவித்தன. தைக்கும் கை முன்னும் அதே கைதான். சந்தையும் நிலமும் சேர்ந்தபோது அதன் பலன் வேறாயிற்று.

நாம் கொள்ளவேண்டியது

வல்லவன் பம்பரம் மணலிலும் ஆடும் என்பர். ஒருவனுக்குக் கட்டாந்தரையும் ஒருவனுக்கு மணலும் கொடுத்துவிட்டு, பம்பரம் ஆடிய நேரத்தை மட்டும் அளப்பது நியாயமாகாது. கடனை ஆராயாமல் வாரிவழங்குக என்பது நம் கருத்தன்று. தவணை கடந்த பாக்கி சங்கத்தையே அரித்துவிடும். ஆனால் ஒருவர் தவணை தவறினால், அவர் எதனோடு தொடங்கினார், நம் கடன் எந்நாளில் அவர் கைக்குச் சேர்ந்தது என்னும் இரண்டையும் பார்த்த பின்பே குறை கூறவேண்டும். சாதியும் தெருவும் மனுவின் மேல் எழுதப்படாத குறிப்பாக நிற்கக்கூடிய நாட்டில் வாழும் நமக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் தேவை. பிறப்பை மாற்றச் சங்கத்தால் இயலாது. பணமும் நூலும் விதையும் காலத்தில் சேரச்செய்வது சங்கத்தால் இயலும்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் சென்ற ஆண்டு தள்ளப்பட்ட மனுக்கள் எத்தனை? அவை எந்தெந்தத் தெருக்களிலிருந்து வந்தவை?

2. மனு கொடுத்த நாளுக்கும் பணம் பெற்ற நாளுக்கும் இடையே எத்தனை நாள்? எல்லார்க்கும் அது ஒன்றேயா?

3. சொந்தத் தறியோ சொந்த நிலமோ இல்லாத அங்கத்தினர் என்ன ஈடு காட்டிக் கடன் பெறலாம்?

4. நிர்வாகக் குழுவில் இடம்பெறாத பிரிவினர் நம்மிடையே யார்?

பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காணுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.