பழைய கிளெய்மும் புதிய பாலிசியும்

மழைக்காலம் பிறந்ததும் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட் ஓரத்திலும் முழங்காலளவு தண்ணீர் தேங்குவதும், அதில் சிக்கிய கார்கள் மறுநாள் கயிறு கட்டி இழுக்கப்பட்டுப் பட்டறைக்குப் போவதும், 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைக் கண்ட மும்பைவாசிகளுக்குப் புதிய காட்சியல்ல. இன்ஷூரன்ஸ் பணம் வாங்கி வண்டியைச் சீராக்கிக்கொண்ட ஒருவர், அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, “சென்ற வருஷம் கிளெய்ம் வாங்கினீர்களா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று சாவதானமாகப் பதில் எழுதுவதுதான் இங்கே நமது விஷயம். கம்பெனியை மாற்றிவிட்டால் பழைய கதை புதியவனுக்குத் தெரியாது என்ற நம்பிக்கை செம்பூரிலும் தாராவியிலும் ஏஜென்டுகள் வாயிலாகவே பரவியிருக்கிறது.

இந்தப் பொய்யின் விலையை முதலில் கணக்கிடுவோம். கிளெய்ம் இல்லாமல் ஒரு வருஷம் கழிந்தால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் வருஷ முடிவில் 50 சதவீதத்தில் நிற்பது நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி. ஒரு முறை கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அது பிரீமியம் முழுவதிலும் கழிவதில்லை. நம் வண்டியின் சேதத்துக்கான பகுதியில் மட்டுமே கழியும். அந்தப் பகுதி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 35 சதவீதத்தை அக்கிரமமாகப் பெற்றவர் மிச்சம் பிடிப்பது 3,500 ரூபாய். அதற்கு அவர் பணயம் வைப்பதோ, வெள்ளத்தில் சிக்கிய வண்டிக்கோ திருட்டுப் போன வண்டிக்கோ கம்பெனி தரவேண்டிய தொகை அனைத்தையும். போனஸ் கோருபவர் கையெழுத்திடும் பிரமாணத்திலேயே, இது தவறென்று தெரிந்தால் சொந்தச் சேதப் பகுதியின் பலன்களெல்லாம் பறிபோகும் என்ற வாசகம் அச்சாகியிருக்கிறது. கையெழுத்துப் போடுபவர்களில் அதைப் படிப்பவர் அபூர்வம்.

பழைய கிளெய்ம் புதிய கம்பெனிக்குத் தெரியாது என்ற எண்ணமும் ஆதாரமற்றது. 2009இல் ஏற்பட்டு ஹைதராபாத்திலிருந்து இயங்கும் இன்ஷூரன்ஸ் தகவல் மையத்தில் பல கம்பெனிகளின் பாலிசி விவரங்களும் கிளெய்ம் விவரங்களும் ஒரே இடத்தில் சேர்கின்றன. வண்டி நம்பரையோ சேஸிஸ் நம்பரையோ வைத்துக்கொண்டு பழைய சரித்திரத்தைப் புரட்டுவது இன்று பெரிய காரியமன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் இந்த வியாபாரத்தில் பலிப்பதில்லை. ஆனால் எப்போது புரட்டுவார்கள் என்பதுதான் விசேஷம்: பிரீமியம் வாங்கும் அன்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, சர்வேயர் வந்து போன பிறகு பார்க்கிறார்கள்.

இதில் கம்பெனிகளுக்கும் கடமையுண்டு என்பதை நம் ஜனங்கள் அறிவதில்லை. அத்தாட்சியில்லாமல் போனஸ் கோரினால், பாலிசி தந்த 21 நாட்களுக்குள் புதிய கம்பெனி பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றும், அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றும் 2002ஆம் வருஷத்து மோட்டார் கட்டண விதிகள் சொல்லின. கேட்காமல் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, விபத்து நேர்ந்த பிறகு விழித்துக்கொண்ட கம்பெனிகளை நுகர்வோர் ஆணையங்கள் கண்டித்து, ஓரளவு கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொன்னதும் உண்டு. பொய்யைப் பொறுக்காமல் கிளெய்மையே தள்ளியதும் உண்டு. எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த வக்கீலாலும் ஆகாது.

இன்ஷூரன்ஸ்காரர்கள் ஓயாமல் மேற்கோள் காட்டும் “பரிபூரண நல்லெண்ணம்” (முக்கிய விஷயம் எதையும் மறைக்கலாகாது) என்ற தத்துவத்தை 1766இல் நிலைநாட்டியவர் லண்டன் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு. அந்த வழக்கு சுமாத்திராவில் பென்கூலனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டையைப் பற்றியது. கோட்டையின் பலவீனத்தைப் பாலிசி எடுத்த கவர்னர் மறைத்தார் என்று காப்பீடு அளித்தவர் வாதிட்டார். ஆயினும் தாமே அறிந்திருக்கக் கூடியதைக் கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு குறை கூறலாகாது என்ற நியாயத்தில் தீர்ப்பு கவர்னருக்கே சாதகமாயிற்று. தத்துவத்தைச் சொல்பவர்கள் தீர்ப்பின் முடிவை மட்டும் சொல்வதில்லை!

மூன்று வருஷம் கடந்தால் எதையும் கேட்க முடியாது என்பது இன்னொரு நம்பிக்கை. அப்படிச் சொல்லும் 1938ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஆயுள் காப்பீட்டுக்கு மட்டுமே உரியது. காருக்கு அந்தச் சலுகையில்லை. பழைய கார் வாங்குபவர், விற்றவருடைய 50 சதவீதமும் வண்டியோடு வந்துவிட்டதாக எண்ணுவதும் தவறே. போனஸ் ஆளைச் சேர்ந்தது. விற்றவர் தம் கம்பெனியிடம் கடிதம் வாங்கி அடுத்த காருக்கு எடுத்துச் செல்வார். வாங்கியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பாலிசி காலாவதியாகி 90 நாட்கள் கடந்துவிட்டாலும் போனஸ் போய்விடுகிறது. அந்த இடைவெளியை மறைக்கத் தேதியை மாற்றி எழுதுவோர், வண்டியைப் படம் பிடிக்க வரும் ஆய்வாளரிடமே பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

எதிர்மாறான பயமும் உண்டு: போனஸில் பொய் சொன்னால் பாலிசியே செல்லாது, நம் வண்டி மோதியவருக்கும் பணம் கிடைக்காது என்பது. பிரமாணத்தின் வாசகம் பறிப்பது சொந்தச் சேதப் பகுதியை மட்டுமே. மூன்றாம் தரப்பினரின் பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் தனியாக நிற்பது. வேறு முக்கிய விஷயத்தை மறைத்துப் பாலிசி பெற்ற வழக்குகளிலுங்கூட, அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் பல முறை உத்தரவிட்டிருக்கின்றன.

“ஏஜென்ட் நிரப்பினார், நான் கையெழுத்துத்தான் போட்டேன்” என்பது பெரும்பாலும் எடுபடாத சமாதானம். தவறான போனஸ் ஏற்கெனவே பாலிசியில் ஏறியிருந்தால், விபத்து வரும்வரை காத்திராமல் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பிரீமியத்தில் குறைந்த தொகையைக் கட்டி, திருத்தத்தைப் பாலிசியோடு சேரும் எண்டார்ஸ்மென்ட் காகிதமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்ஆப்பில் ஏஜென்ட் அனுப்பும் கட்டைவிரல் படம் அந்தக் காகிதத்துக்கு ஈடாகாது.