இழுப்பறையில் கிடந்த சாரிசார்டு

கேள்வி: அமெரிக்காவிலுள்ள என் அண்ணன் மகனின் இழுப்பறையில் 1999-ஆம் ஆண்டு போக்கிமான் சாரிசார்டு கார்டு ஒன்று கிடைத்தது. லட்சக்கணக்கான டாலர் பெறும் என்கிறான். உண்மையா?

பதில்: அந்த லட்சங்கள் கார்டுக்கு அல்ல, முத்திரைக்கு. படத்தின் கீழே இடப்பக்கம் ‘1’ என்ற எண்ணுடன் சிறு கறுப்பு முத்திரை இருந்தால் அது முதல் பதிப்பு. அப்படியொரு கார்டு, கார்டுகளின் நிலையை மதிப்பிடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 10 மதிப்பெண்ணும் பெற்று, 2022-ல் 4,20,000 டாலருக்கு விலைபோனது. முத்திரை இல்லையா? படச்சட்டத்தின் வலப்புறம் நிழல் விழுந்ததுபோல் கோடு இருக்கிறதா பாருங்கள். நிழல் இல்லாதது அரிது. இருந்தால் பரவலாக அச்சான ரகம், விலை பெரிதும் இறங்கிவிடும். கீழ்மூலையில் 11/108 என்றிருந்தால் அது 2016-இன் மறுபதிப்பு. 2021 மறுபதிப்பில் பழைய 4/102 எண்ணே உண்டு. ஆனால் படத்தில் 25-ஆம் ஆண்டு முத்திரை இருக்கும்.

அடுத்தது நிலை. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும் பகுதியின் கீறல்கள் தெரியும். பின்பக்கம் திருப்பி, நீல ஓரங்களில் வெள்ளை தெரிகிறதா, மூலைகள் மழுங்கியிருக்கின்றனவா பாருங்கள். மஞ்சள் விளிம்பு ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தாலும் மதிப்பெண் குறையும். மடிப்பு விழுந்திருந்தால் பெரிய தொகையை மறந்துவிடலாம். பையன் விளையாடித் தீர்த்த கார்டு என்றால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

தயவுசெய்து துணியால் துடைக்க வேண்டாம்! உறையிலிட்டு வையுங்கள். விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், அதே பதிப்பு, அதே நிலையில் அண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். மதிப்பெண் வாங்கும் கட்டணம் அதற்குள் அடங்கினால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.