ஐந்நூறாவது ஆளுக்கு என்ன கிடைக்கும்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்கும் பெடியளில் பாதிப்பேரின் கையில் போன் படுக்கைவாட்டில் இருக்கும். ஃப்ரீ ஃபயர், இல்லாவிட்டால் பப்ஜி. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் அங்கே நின்ற இந்தக் கட்டுரையாளரிடம், முன்பு அவரிடம் படித்த ஒருவன் வந்து சொன்னான்: "சேர், நான் ஏ.எல். படிக்கேல்ல. கேம் விளையாடித்தான் உழைக்கப் போறன்." பக்கத்தில் நின்ற தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "டொக்டருக்குப் படி எண்டு சொல்லிக் களைச்சுப் போனன் சேர்."

தாய் ஊரைப் பார்த்துச் சொன்னார். மகன் யூரியூப்பைப் பார்த்துச் சொன்னான். விஞ்ஞானத்தில் அவன் எடுத்த புள்ளியை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

உயர்தரம், இசட் புள்ளி, பல்கலைக்கழகம் என்ற பாதையை இங்கே விளக்கத் தேவையில்லை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் அது தெரியாத வீடு இல்லை. வெளிநாட்டிலுள்ள மாமா கூப்பிடுவார் என்ற பாதையும் அப்படித்தான். புதிதாக வந்திருக்கும் மூன்றாவது பாதையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கேம் விளையாடுவது தொழிலா என்று சிரித்துத் தள்ளுகிற காலம் போய்விட்டது. இலங்கை விளையாட்டு அமைச்சு 2019 இல் ஈ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்கு ஏழு பிரிவுகளில் பதக்கம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கைல் கியர்ஸ்டோர்ஃப் 2019 இல், தன் 16 வயதில், ஃபோர்ட்நைட் உலகக் கிண்ணத்தை வென்று 30 இலட்சம் டொலர் எடுத்தார். நம் பக்கத்திலும் ஆள் உண்டு. கராச்சியில் பிறந்த சுமைல் ஹசன் 2015 இல் சியாட்டிலில் டோட்டா 2 இன் மிகப் பெரிய போட்டியை வென்றபோது அவருக்கும் 16 வயதுதான். அவரது அணிக்குக் கிடைத்தது 66 இலட்சம் டொலர். ஆனால் அவர் அந்த மேடையில் ஏறியது குடும்பம் அமெரிக்காவில் குடியேறிய பிறகு. பெடியளின் போனில் சுற்றும் காணொளிகளில் இந்தப் பகுதி வருவதில்லை.

அதே டோட்டா போட்டியின் பிற்காலத்தைப் பார்க்க வேண்டும். 2021 இல் புக்கரெஸ்டில் மொத்தப் பரிசு 4 கோடி டொலர். 2024 இல் கோபன்ஹேகனில் அது 30 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. விளையாட்டு வீரர்களின் திறமை குறைந்து போகவில்லை. பரிசுப் பணத்தின் பெரும்பகுதி, இரசிகர்கள் விளையாட்டுக்குள் வாங்கும் பொருட்களின் விற்பனையிலிருந்து வந்தது. 2023 இல் டோட்டாவின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் அந்த முறையை மாற்றியது, அவ்வளவுதான். உதைபந்துக்கு உரிமையாளர் கிடையாது. கேமுக்கு உண்டு. அவர் நினைத்தால் சேர்வரை நிறுத்தலாம், விதியை மாற்றலாம். அரசும் தலையிடலாம். இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அதற்குப் பதிலாக 2021 இல் வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து தூக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. அந்தப் பத்து மாதமும் அதையே நம்பியிருந்தவர்கள் பிழைப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது.

உடம்பின் கதை இன்னொன்று. லீக் ஒஃப் லெஜண்ட்ஸில் உலகப் புகழ் பெற்ற சீன வீரர் உஸி 2020 இல் ஓய்வை அறிவித்தபோது வயது 23. காரணம் நீரிழிவும் கை உபாதையும். கொரியாவின் ஃபேக்கர் 1996 இல் பிறந்தவர், இன்னும் உச்சியில் நிற்கிறார் என்று பெடியள் பதில் சொல்வார்கள். உண்மைதான். ஃபேக்கர் ஒருவர்தானே இருக்கிறார்.

பிறகு தீவின் சங்கதி. நம் பகுதிக்கான விளையாட்டுச் சேர்வர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. ஆகவே போய்த் திரும்ப 28 மில்லிசெக்கன் போய்விடும், அதுவும் கேபிள் நேராகக் கிடந்தால். கேபிள் நேராகக் கிடப்பதில்லை. சிங்கப்பூரில் இருந்து விளையாடுபவருக்கு இந்தத் தாமதம் கிடையாது. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இந்த இடைவெளி குறையாது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டது என்றாலும், அந்தச் செலவைத் தாங்கக்கூடிய மீனவக் குடும்பங்கள் எத்தனை?

ஒரு தொழிலைத் தெரிவு செய்யும்போது அதில் முதலாவது ஆள் என்ன உழைக்கிறான் என்று கேட்பதை இந்தக் கட்டுரையாளர் நிறுத்திப் பல காலம். ஐந்நூறாவது ஆள் என்ன உழைக்கிறான் என்பதுதான் அவருடைய கேள்வி. நாட்டின் ஐந்நூறாவது தாதி மாதச் சம்பளம் எடுக்கிறார். ஐந்நூறாவது மோட்டார் திருத்துநர் மாலையில் காசோடு வீடு போகிறார். ஐந்நூறாவது பப்ஜி வீரர் டேட்டா கார்டுக்குத் தாயிடம் கை நீட்டுகிறார்.

கட்டுரையாளருக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தகப்பனின் பிடிவாதத்தால் உயிரியல் பிரிவில் மூன்று முறை பரீட்சை எழுதி, மூன்று முறையும் கோட்டைவிட்டு, 22 வயதில் மின்னியல் வேலை பழகப் போனவர் அவர். அந்தக் கைத்தொழில்தான் பின்னாளில் அவரைக் கற்பிக்கவும் கொண்டுபோய் விட்டது. அதனால் தொழிற்பயிற்சி என்றால் அவர் மனம் தானாகவே அந்தப் பக்கம் சரியும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் தீவகப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. தொழில் பழகி வருகிறவனுக்கு ஊரிலேயே வேலையும் இருக்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்தவை. அங்கே 1,700 கிலோவாட் சூரிய மின்சாரமும் 530 கிலோவாட் காற்று மின்சாரமும் மின்கலத் தொகுதிகளும் அமைக்க, இந்திய அரசின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பலகைகளைத் துடைக்கவும் இன்வேர்ட்டர் பழுதானால் திறந்து பார்க்கவும் ஆள் வேண்டும். குறிகட்டுவானில் படகு பிடித்து வருகிற ஆளைவிட ஊரிலேயே இருக்கிற ஆள் நல்லது.

கேமில் கெட்டித்தனம் உள்ள பிள்ளையை மட்டம் தட்டவும் கூடாது. ஏன் லாக் ஆகிறது என்று ரௌட்டரைக் குடைகிறவனுக்கு வலையமைப்பு வேலை பொருந்தலாம். ஐந்து பேரை ஒழுங்குபடுத்தி அணியாக விளையாட வைக்கிறவனிடம் வேறொரு திறமை இருக்கிறது. கேமை உருவாக்க ஆசைப்படுகிறவன் யாழ் ஐ.ரி. ஹப் நடத்தும் கீக் சலஞ்ச் போட்டியைப் போய்ப் பார்க்கலாம். எதுவானாலும் இரண்டு மூன்று வருடம் பொறுமையாக ஒன்றில் நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் மனம் மாறுகிற பிள்ளைக்கு எந்தப் பாதையும் நீளமாகத்தான் தெரியும்.

அந்தத் தாயிடமும் மகனிடமும் கட்டுரையாளர் சொன்னது ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கும்படிதான். இடது பக்கத்தில் கேமுக்குப் போன டேட்டாக் காசும் மணித்தியாலமும். வலது பக்கத்தில் போட்டிகளில் வந்த பணம். மூன்று மாதம் எழுத வேண்டும். அதே மூன்று மாதத்தில் ஊருக்குக் கிட்டவுள்ள பயிற்சி நிலையத்தில் ஒரு குறுங்கால வகுப்புக்கும் போக வேண்டும். மகன் சம்மதித்தான். தாய் அந்த மூன்று மாதமும் டொக்டர் என்ற சொல்லை எடுக்க மாட்டேன் என்றார்.