டப்பாவிலிருந்து தானியத்துக்கு

"சங்க இதழில் பீர் காய்ச்சும் பாடமா?" என்று சில தாய்மார்கள் முகம் சுளிக்கலாம். முழுவதும் படித்துவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் குடிப்பவன் அல்லன். ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்பு டிப்ளமோதான். ஒரு காரியத்தைப் பார்த்தால் அளந்து பார்ப்பதும், ஏன் என்று கேட்பதும், நோட்டில் குறித்து வைப்பதும் அந்த வேலை தந்த பழக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது போனக்காட்டில். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரையைக் கடந்து மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டம் அது. அகத்தியர் மலைக்குப் போகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியிருந்தன. தோட்டம் முடங்கிப் பல ஆண்டுகளாகிவிட்டன. தொழிற்சாலை பாழடைந்து நிற்கிறது.

அந்தத் தொழிற்சாலையில்தான் என் அப்பா வேலை பார்த்தார். கொழுந்தை வாட்டி, உருட்டி, ஈரமான அறையில் பரப்பி வைப்பார்கள். பச்சை இலை மெல்ல மெல்லச் செம்பு நிறமாகும். அப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்து "போதும்" என்றால் அது அடுப்புக்குப் போகும். அதைப் புளிக்க வைப்பது என்றே எல்லோரும் சொல்வோம். உண்மையில் அங்கே ஈஸ்ட் எதற்கும் வேலையில்லை. இலை கசங்கியதும் அதற்குள்ளேயே இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது. உலர்த்தும் சூடு அதை நிறுத்துகிறது. சரியான நேரத்தில் நிறுத்துவதில்தான் தேயிலையின் தரம் இருக்கிறது.

அவ்வளவு நுட்பமான மூக்கு உள்ள மனிதர் மாலையில் வாற்றுச் சாராயம் குடித்தார். 1977இல், நான் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஈரல் கெட்டு இறந்தார். அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். இன்றுவரை அதை மீறவில்லை.

ஆகவே, லண்டன் ஈஸ்ட் ஹாமில் மகன் வீட்டுக்கு வந்து தங்கிய முதல் வாரத்தில் மாடிப்படிக்குக் கீழே மூடிய பிளாஸ்டிக் வாளி ஒன்று 'களக் களக்' என்று காற்று விடுவதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்தான். "அப்பா, மாசத்துக்கு நாலு பாட்டில். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அங்கே வெச்சேன்" என்றான். ஒளித்து வைத்ததுதான் தப்பு, மேசைமேல் எடுத்து வை என்றேன். அப்படித்தான் இந்தப் பாடம் ஆரம்பித்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1880 முதல் உரிமம் தேவைப்பட்டது. 1963இல் அது நீக்கப்பட்டது. வீட்டு உபயோகத்துக்குச் செய்யலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிவிட்டது. வாலை வடிப்பது, அதாவது காய்ச்சி ஆவியைப் பிடிப்பது, இரண்டு நாட்டிலும் வீட்டில் செய்யக் கூடாத குற்றம். ஊரில் கதையே வேறு. கேரளத்தில் அப்காரிச் சட்டப்படியும், தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படியும் வீட்டில் பீர் காய்ச்சுவதும் குற்றமே. தயவுசெய்து ஊரிலுள்ள தம்பி, மைத்துனர்களுக்கு இந்தக் கட்டுரையை அனுப்பி "செய்து பார்" என்று சொல்லிவிடாதீர்கள்.

விஷச் சாராயப் பயமும் நம்மவர்களுக்கு உண்டு, நியாயமான பயம். 1982 ஓணத்தின்போது வைப்பினில் எழுபதுக்கு மேற்பட்டோரும், 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரும் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தொழிற்சாலைக்கான மெத்தனால். தானியத்தை ஊறவைத்து ஈஸ்ட் போட்டால் அந்த அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. அதனால் குடி நல்லது என்று ஆகிவிடாது. எந்தப் பயம் எதற்கு என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். மகன் செய்துகொண்டிருந்தது டப்பா முறை. 1.8 கிலோ டப்பாவில் தேன்போல் கெட்டியான மால்ட் சாறு வரும். அதோடு ஒரு கிலோ சர்க்கரை, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர், ஒரு பொட்டலம் ஈஸ்ட், முடிந்தது. "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன். "கலக்கினேன்" என்றான். உண்மையான பதில். தானியத்தின் வேலை முழுவதையும் யாரோ ஓர் ஆலையில் முடித்து, நீரை வற்றவைத்து டப்பாவில் அடைத்துவிட்டார்கள். தானியத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்று அவனுக்கும் ஆசை. ஆனால் புத்தகத்தில் வந்த பெயர்களைப் பார்த்துப் பயந்து போயிருந்தான்.

அப்போது எனக்கு ஆச்சி நினைவு வந்தது. போனக்காட்டு லயத்தில் ஆச்சி கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் வெயிலில் காயவைத்துத் திரித்து வைத்திருப்பாள். ஒருநாள் கெட்டியாகக் கிண்டிய கூழ் சற்று ஆறியதும் அந்த மாவில் ஒரு கரண்டி போட்டுக் கிளறிவிட்டு வெளியே போனாள். அம்மா வந்து பார்த்தால் கூழ் நீர்த்துக் கிடக்கிறது. "ஏல, யாரு இதுல தண்ணி ஊத்துனது?" என்று எனக்கு முதுகில் இரண்டு வைத்தாள். நான் தண்ணீரே ஊற்றவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வழக்கில் எனக்கு விடுதலை கிடைத்தது.

நடந்தது இதுதான். தானியம் முளைவிடும்போது தன் மாவுச் சத்தைச் சர்க்கரையாக வெட்டி முளைக்கு ஊட்டுவதற்காக அமிலேஸ் என்னும் நொதியை உண்டாக்குகிறது. முளையைக் காயவைத்தால் நொதி உறங்கும். இளஞ்சூடும் ஈரமும் கிடைத்தால் எழுந்து மறுபடி வெட்ட ஆரம்பிக்கும். பீருக்கான பார்லி மால்ட் என்பதும் இதேபோல் முளைகட்டிக் காயவைத்த பார்லிதான். பரோடாவில் தாரா கோபால்தாஸ் என்ற ஊட்டச்சத்துப் பேராசிரியர் 1980களில் இதையே குழந்தை உணவுக்குப் பயன்படுத்திக் காட்டினார். முளைமாவு சிறிதளவு போட்டால் கெட்டிக் கஞ்சி இளகும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் சிறு வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். பேரக்குழந்தை உள்ளவர்கள் பீரை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: மாவைச் சிவக்க வறுத்தால் நொதி செத்துப்போகும். கஞ்சி தளதளவென்று கொதிக்கும்போது போட்டாலும் அதே கதிதான்.

இந்தச் சூட்டுக் கணக்கைப் பிடித்துவிட்டால் தானிய முறையில் முக்கால் பங்கு கைவந்தது போல. அமிலேஸில் இரண்டு வகை வேலை செய்கின்றன. பீட்டா என்பது 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் தின்னக்கூடிய சிறு சர்க்கரைகளைக் கொடுக்கும். 70ஐத் தாண்டினால் சீக்கிரம் மாண்டுவிடும். ஆல்ஃபா இன்னும் சற்றுச் சூடு தாங்கும். நீண்ட சங்கிலியை நடுவில் கண்டபடி வெட்டும். இரண்டும் சேர்ந்து உழைக்க 66 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

ஐந்து கிலோ மால்ட், பன்னிரண்டரை லிட்டர் தண்ணீர். தானியம் 18 டிகிரியில் இருக்கிறது. கலவை 66இல் நிற்க வேண்டும். தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும்? ஒரு கிலோ தானியம் ஏறக்குறைய 0.4 லிட்டர் தண்ணீர் அளவுக்குத்தான் சூட்டை இழுக்கும். ஐந்து கிலோவுக்கு இரண்டு லிட்டர். அது ஏற வேண்டியது 48 டிகிரி. இரண்டால் பெருக்கினால் 96. பன்னிரண்டரையால் வகுத்தால் ஏறத்தாழ 8. ஆகவே 66உடன் 8 கூட்டி 74 டிகிரி. பாத்திரம் குடிக்கும் சூடு தனி. அதனால் முதலில் வெந்நீர் ஊற்றி அலசிவிட வேண்டும். பாத்திரம் என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. சுற்றுலாவுக்கு எடுத்துப் போகும் குளிர்பெட்டியில் அடியில் ஒரு குழாய் பொருத்தி, உள்ளே சல்லடைக் கம்பி வைத்தோம். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும்.

முதல் தடவை தோற்றது என்னால். மால்ட்டை அரைத்து வாங்கலாம் என்று மகன் சொன்னான். "மிக்ஸி எதற்கு இருக்கிறது?" என்று கேட்டு நானே மாவாக அடித்தேன். ஆச்சியின் மாவு நினைப்பு. ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை, உள்ளே அடைமாவு. தண்டவாளத்துக்குக் கீழே போடும் ஜல்லியில் மண் புகுந்தால் நீர் வடியாது, பாதை உட்காரும், ஜல்லியைத் தோண்டிச் சலித்துத்தான் தீர வேண்டும் என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியவன் நான்! பார்லியின் உமிதான் இங்கே ஜல்லி. பருப்பை உடைப்பதுபோல் உடைக்க வேண்டும். உமி முழுசாக நிற்க வேண்டும். கூழுக்கு மாவு, பீருக்கு நொய். அன்று மருமகள் பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்து கொடுத்தாள். அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை.

இரண்டாம் தடவை குழாய் நன்றாக ஓடியது. ஆனால் பத்து நாள் கழித்தும் ஹைட்ரோமீட்டர் 1.024க்குக் கீழே இறங்கவில்லை. ரயில் பெட்டி பாட்டரியில் அமிலம் பார்க்கும் அதே கருவிதான். சர்க்கரை கரைந்திருந்தால் மேலே மிதக்கும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்னக் கீழே இறங்கும். பீர் பாயசம்போல் இனித்ததாம். மகன் ஈஸ்ட்டைக் குறை சொன்னான். நான் வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 95 காட்டியது. ஐந்து டிகிரி குறைத்துக் காட்டும் கருவியை நம்பி 66 என்று நினைத்து 71இல் வைத்திருக்கிறோம். பீட்டா செத்து, ஆல்ஃபா மட்டும் வெட்டியதில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சிவிட்டன. எந்த வேலைக்கும் முன் அளவுகோலை அளந்து பார்க்க வேண்டும், நானே மறந்துவிட்டேன்.

மூன்றாம் தடவை செய்ததை அப்படியே தருகிறேன். மாரிஸ் ஆட்டர் என்ற பார்லியின் மால்ட் ஐந்து கிலோ. கேம்பிரிட்ஜ் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் உருவாக்கப்பட்ட ரகம். நிலையம் இருந்த மாரிஸ் சந்தின் பெயர் அதற்கு. 74 டிகிரி நீரில் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, கட்டி விழாமல் கிளறி மூடினோம். ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாறு எடுத்து, டிங்க்சர் அயோடின் ஒரு துளி விட்டேன். நீலக் கறுப்பானால் மாவு பாக்கி என்று பொருள். பழுப்பாகவே நின்றது. (அந்தச் சொட்டைக் கொட்டிவிட வேண்டும்.) முதலில் வரும் கலங்கல் சாற்றை மேலேயே திரும்ப ஊற்றி, தெளிந்த பிறகு இறக்கினோம். 76 டிகிரி வெந்நீர் பத்தொன்பதரை லிட்டர் மெதுவாக ஊற்றி, தானியத்தில் ஒட்டியிருந்த இனிப்பையும் கழுவி எடுத்தோம். தானியம் ஐந்து லிட்டரைக் குடித்துக்கொண்டது. கொதியில் நான்கு போனது. கையில் நின்றது 23.

கொதிநிலையில் ஒரு மணி நேரம். ஆரம்பத்தில் ஹாப்ஸ் பூ கசப்புக்கு, இறக்கும் முன் கொஞ்சம் மணத்துக்கு. பிறகு குளிர்ந்த நீர் ஓடும் செப்புச் சுருளால் 20 டிகிரிக்கு விரைவாக ஆற்றினோம். கொதித்த பிறகு அதைத் தொடும் கரண்டி, குழாய், வாளி எல்லாம் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது. ஹைட்ரோமீட்டர் 1.049 காட்டியது, இரண்டு வாரத்தில் 1.012க்கு வந்தது. இந்த வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் சாராய அளவு, ஏறக்குறைய 4.8 சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன் சர்க்கரைக்கு மேல் வேண்டாம். அதிகமானால் பாட்டில் வெடிக்கும்.

ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே ஒரு டம்ளர் சாற்றைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து, ஆற்றிப் பாலில் கலந்து பேத்திக்குக் கொடுத்தேன். ஈஸ்ட் படாததால் அதில் துளியும் போதை கிடையாது. "தாத்தா, இது பிஸ்கட் பாலா?" என்று கேட்டாள். எனக்கும் அதே ஒரு டம்ளர்தான்.

பாட்டில் திறந்த அன்று மகன் ஒரு சிறு குவளையில் ஊற்றி, குடிக்கச் சொல்லாமல், முகரச் சொல்லி நீட்டினான். ரொட்டி சுடும் வாசனையும் காய்ந்த புல் வாசனையும் இருந்தன. லயத்து வாசலில் அப்பா வந்து நிற்கும்போது அடிக்கும் நெடி அதில் இல்லை. குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை அரைக் கிலோ கேழ்வரகு சேர்க்கலாமா என்று கேட்கிறான். நேற்று ஊறப்போட்டிருக்கிறேன். இந்த ஊர்க் குளிரில் முளைவிட மூன்று நாளாகும் போலிருக்கிறது.