மலை சரிந்தது யாரால்?

காலநிலை மாற்றமும் மனிதப் பொறுப்பும்: குழுக்களுக்கான பாடம்

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையைக் கடந்து சென்றது. நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்ட வாரியாகப் பார்த்தால் கண்டி மாவட்டமே மிக அதிகமான உயிர்களை இழந்தது. மகாவலி பெருகிப் பேராதனை, கம்பளைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. மலைநாடு எங்கும் மண் சரிந்தது.

சில வாரங்களுக்குப் பின், ஹந்தானைச் சாரலிலுள்ள ஒரு தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் மாலை நேரக் கூட்டமொன்று நடைபெற்றது. இருபது பேர் வரை வந்திருந்தார்கள். நான் ஒரேயொரு கேள்வியை முன்வைத்தேன்: "இந்த மழைக்கும் மண்சரிவுக்கும் யார் பொறுப்பு?"

ஒரு மூதாட்டி முதலில் பேசினார்: "எல்லாம் கடவுள் செயல் சாமி. நம்ம கையில என்ன இருக்கு?"

ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் மறுத்தார்: "மழை என்ன புதுசா? எங்க அப்பா காலத்துல, 47லயும் பேராதனை முங்கிச்சு. இயற்கை அப்படித்தான்."

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர் சொன்னார்: "பெரிய நாட்டுக்காரங்க பெக்டரி, கார், பிளேன்னு புகையை விடுறாங்க. நாம என்ன செஞ்சோம்?"

ஆசிரியை ஒருவர் வேறுவிதமாகச் சொன்னார்: "மனிதன்தான் காரணம். மரத்தை வெட்டினோம், பொலித்தீனை எரித்தோம். நாம் எல்லோருமே குற்றவாளிகள்."

இறுதியாக, அதுவரை பேசாதிருந்த கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் கேட்டார்: "யாரு பொறுப்புன்னு தெரிஞ்சா, எங்க லயத்துக்கு மேல அடைஞ்சு கிடக்குற கானை வெட்டிக் குடுப்பாங்களா சாமி?"

அக்கேள்விக்கு அன்று என்னால் உடனே பதிலளிக்க முடியவில்லை. அதற்குப் பதில் தேடும் முயற்சியே இப்பாடம்.

1. மக்கள் கருத்து எப்படி இருக்கிறது?

ஹந்தானையில் எழுந்த இந்தக் கருத்துகள் உலகெங்கும் எழுபவைதான். அயல்நாடான இந்தியாவில் யேல் பல்கலைக்கழகமும் சீவோட்டர் நிறுவனமும் இணைந்து 2021 ஒக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை ஏறத்தாழ 4,600 பேரிடம் கருத்துக் கேட்டன. புவி வெப்பமடைதல் பற்றிச் சிறிதளவே தெரியும், அல்லது கேள்விப்பட்டதேயில்லை என்றவர்கள் 54 வீதத்தினர். ஆனால் அது என்னவென்று சில வார்த்தைகளில் விளக்கியதும், "ஆம், அது நடக்கிறது" என்றவர்கள் 84 வீதத்தினர். அதற்குக் காரணம் பெரும்பாலும் மனிதச் செயல்களே என்றோர் 57 வீதம். இயற்கை மாற்றங்களே என்றோர் 31 வீதம்.

இந்த எண்களை நாம் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். மழை தவறுவதையும் வெயில் கூடுவதையும் பாமர மக்கள் எவரும் மறுக்கவில்லை. அதற்கு விஞ்ஞானம் இட்ட பெயர்தான் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 2024இல் 77 நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், தங்கள் அரசு இன்னும் வலுவான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றவர்கள் 80 வீதத்தினர். மக்களுக்கு அக்கறை இருக்கிறது. யாரிடம், எதைக் கேட்பது என்பதில்தான் தெளிவு தேவைப்படுகிறது.

2. விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

நிலக்கரி, பெற்றோலியம், எரிவாயு ஆகியவை சுவட்டு எரிபொருட்கள். இவற்றை எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 280 பங்களவில் இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ச்சியான அளவீடு தொடங்கிய 1958இல் அது 315 ஆயிற்று. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. அதே 2024ஆம் ஆண்டு, கைத்தொழிற் காலத்துக்கு முந்திய சராசரியை விட 1.5 பாகை செல்சியஸ் கூடிய முதலாவது ஆண்டாகவும் பதிவாகியது.

இது சூரியனின் வேலையாக இருக்கக்கூடாதா? அப்படியானால் வளிமண்டலத்தின் கீழ்ப்படையும் மேற்படையும் சேர்ந்தே சூடேறியிருக்க வேண்டும். உண்மையில் கீழ்ப்படை சூடேற, மேற்படை குளிர்ந்துள்ளது. வெப்பம் கீழே சிறைப்பட்டிருப்பதற்கு இது அடையாளம். 2021இல் காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு, மனிதச் செயல்களே பூமியைச் சூடாக்கின என்பதில் ஐயமில்லை என அறிவித்தது.

சூட்டுக்கும் மழைக்கும் என்ன தொடர்பு? காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைச் சுமக்கும். கொழுந்துக் கூடையை நினைத்துப் பாருங்கள். கூடை பெரிதானால் நிரம்ப நேரமெடுக்கும். கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். நீண்ட வறட்சி, பின் கட்டுக்கடங்காத மழை என்று நாம் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கங்காணி ஐயா சொன்னதிலும் உண்மை உண்டு. 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மகாவலி பெருவெள்ளம் கண்டது மெய்தான். புயலும் பெருமழையும் எக்காலத்திலும் உண்டு. மனிதன் மழையைப் படைக்கவில்லை. வரும் மழையின் கனத்தைக் கூட்டியிருக்கிறான்.

3. 'மனிதன்' என்றால் யார்?

ஆசிரியையின் பதில் தாழ்மையான பதில். ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. எல்லோரும் சமமான குற்றவாளிகள் என்றால், எவரும் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்றாகிவிடும். ஆகவே பொறுப்பை மூன்று பங்காகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, புகையின் பங்கு. அமெரிக்காவில் ஒருவரின் பங்காக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 தொன் காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. இலங்கையில் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு தொன். லயத்தில் விறகடுப்பு எரிப்பவரின் பங்கு இந்தச் சராசரியிலும் மிகக் குறைவு. இதுவரை எரிக்கப்பட்ட சுவட்டு எரிபொருளின் புகையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அமெரிக்காவினுடையது. இவ்விடயத்தில் அந்த இளைஞர் சொன்னது சரியே. 2022இல் எகிப்தில் நடந்த உலக மாநாட்டில், இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியமொன்றை அமைக்க நாடுகள் உடன்பட்டன. 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம், காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என ஆலோசனைக் கருத்து வழங்கியது. ஆகவே இப்பங்கைப் பற்றிப் பேசும்போது நாம் பிச்சை கேட்கவில்லை, நியாயம் கேட்கிறோம்.

இரண்டாவது, சரிவின் பங்கு. ஒரே மழை பெய்தும் ஒரு மலை நிற்கிறது, இன்னொன்று சரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை நாட்டிய பின் தேயிலைக்காகவும் கண்டி மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. ஹந்தானையில் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் மானாப்புல் படர்ந்தது. பின்னர் பைனஸ் மரங்கள் நடப்பட்டன. வறட்சி மாதங்களில் அவ்விடங்களில் தீ பரவுகிறது. அத்தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதே. 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனால் வர்த்தமானியில் எழுதியதால் மட்டும் மண் நிற்காது.

இப்பங்கில் ஒன்றை மறக்கலாகாது. கோடரி பிடித்தவர் கூலிக்காரர். காட்டை விற்றவரும் இலாபம் பெற்றவரும் வேறு. லயம் எங்கே கட்டப்பட வேண்டும் என்று அங்கு குடியிருப்பவரிடம் எவரும் கேட்கவில்லை. இன்றும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்குத் தம் காலடி நிலம் சொந்தமில்லை. "ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறு" என்பது நல்ல ஆலோசனை. எங்கே போவது என்பதற்கும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கையின் பங்கு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எனினும் மக்களுக்கு மாற்றிடம் அமையவில்லை. 'டித்வா' வேளையிலும் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. இந்தப் பங்குக்கு அமெரிக்காவைக் குறைசொல்ல முடியாது. இது நம் நாட்டில், நம் மாவட்டத்தில், நம் தோட்டத்தில் தீர்க்கப்பட வேண்டியது.

4. கடவுள் செயலா?

மூதாட்டியின் விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அடைந்த கானைக் கடவுள் அடைக்கவில்லை. மனிதன் செய்ததையும் செய்யத் தவறியதையும் இறைவன்மேல் சுமத்துவது பக்தியாகாது. காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஒக்டோபரில் 'லவுதாத்தே தேயும்' என்ற மடலை வெளியிட்டார். காலநிலை மாற்றத்தை மறுக்கும் கருத்துகள் திருச்சபைக்குள்ளும் இருப்பதை அதில் அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அதன் மனிதக் காரணத்தை இனியும் ஐயுற முடியாது என்றார். அதிகம் பிள்ளை பெறுகிறார்கள் என்று ஏழைகள்மேல் பழிபோடுவதையும் கண்டித்தார்.

ஒரு சமூகம் எதை நம்புகிறதோ அதற்கேற்பவே கேட்கும். விதி என்று நம்புவோர் எதையும் கேட்பதில்லை. எல்லாம் வெளிநாட்டான் குற்றம் என்போர் பக்கத்துக் கந்தோரின் கதவைத் தட்டுவதில்லை. எல்லாம் நம் குற்றம் என்போர் தலைகுனிந்து மௌனமாகிவிடுவர். யாருக்கு எந்தப் பங்கு என அறிந்தவர்களே உரியவரிடம் உரியதைக் கேட்பார்கள்.

5. நாம் செய்யக்கூடியவை

அ) மழையை அளப்போம். பக்கங்கள் நேரான ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 என்றால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 என்றால், உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை.

ஆ) அறிகுறிகளைக் கவனிப்போம். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர், இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் பேணி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

இ) எழுத்தில் கேட்போம். கான் வெட்டுதல், மாற்றுக்காணி, தமிழில் எச்சரிக்கை ஆகியவற்றைக் கோரித் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் கடிதம் கொடுத்து, பிரதியொன்றைப் பத்திரப்படுத்துவோம்.

ஈ) நம் பங்கையும் செய்வோம். மானாப்புல்லுக்குத் தீ வைப்பதைத் தடுப்போம்; கானில் குப்பை கொட்டாதிருப்போம்.

அப்பெண்ணின் கேள்விக்கு வருவோம். அக்கூட்டத்துக்குப் பின் லயத்தார் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஞாயிறே சிரமதானமாகக் கானின் கீழ்ப்பாதியை வெட்டினார்கள். மேற்பாதி தேயிலை மலைக்குள் இருப்பதால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பங்குனி மாதம் நான் சென்றபோது பதில் இன்னும் வந்திருக்கவில்லை. இரண்டாவது கடிதத்தை அப்பெண்ணே எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த பருவமழைக்கு முன் பதில் வர வேண்டும்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. அன்றைய கூட்டத்தில் எழுந்த கருத்துகளில் உங்கள் ஊரில் அதிகம் கேட்பது எது? அது உங்களை எதைச் செய்யத் தூண்டுகிறது? எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது?

2. உங்கள் ஊர் ஆபத்தில் புகையின் பங்கு, சரிவின் பங்கு, எச்சரிக்கையின் பங்கு எவை? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

3. இம்மாதத்திற்குள் உங்கள் குழு எழுதக்கூடிய ஒரு கடிதம் எது? யாருக்கு?